சங்கத்தைத் துறக்க மறுத்த ஆசிரியை
செப்டிமா கிளார்க் அம்மையார் வாழ்க்கை வரலாறு

நம் கல்விக் கழகத்தின் வெள்ளி விழா மலரில் இளைஞர்கட்குப் பயன்தரும் வாழ்க்கை வரலாறு ஒன்றை எழுத எண்ணியபோது, கடல் கடந்த நாட்டில் வாழ்ந்து மறைந்த ஓர் ஆசிரியையே நம் நினைவில் முதற்கண் எழுந்தார். அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போரில் மார்ட்டின் லூதர் கிங் அவர்களின் பெயரை அறியாதார் நம்மில் இலர். அப்போருக்கு வேண்டிய வாக்காளர்களை எழுத்தறிவித்து உருவாக்கிய செப்டிமா கிளார்க் அம்மையாரையும் நம் இளைஞர்கள் அறிதல் வேண்டும்.

அம்மையார் 1898ஆம் ஆண்டு மே 3ஆம் நாள் தெற்குக் கரோலினா மாநிலத்துச் சார்லஸ்டன் நகரில் பிறந்தார். தந்தையார் பீட்டர் பாயின்செட் அடிமையாகப் பிறந்தவர். தாயார் துணி வெளுத்துக் குடும்பத்தைத் தாங்கியவர். வறுமைக்கிடையிலும் மகளை ஏவரி என்னும் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் படிக்க வைத்தனர். நம் அண்ணல் அம்பேத்கர் நியூயார்க்கில் கொலம்பியாப் பல்கலைக்கழகப் படிப்பை முடித்து இலண்டனுக்குச் சென்ற அதே 1916ஆம் ஆண்டில், பதினெட்டு வயது நிரம்பிய செப்டிமா ஆசிரியப் பணி ஏற்றார்.

சார்லஸ்டன் நகரத்துப் பொதுப் பள்ளிகளில் கறுப்பினத்தார் ஆசிரியராதல் அந்நாளில் இயலாது. கறுப்பினக் குழந்தைகள் பயிலும் பள்ளிகளிலும் வெள்ளையரே ஆசிரியர். ஆதலின் அவர் அருகிலிருந்த ஜான்ஸ் தீவுக்குச் சென்றார். அங்கு 132 குழந்தைகளுக்கு இரண்டே ஆசிரியைகள். இருவர்க்கும் சேர்த்துத் திங்கள் ஊதியம் 60 டாலர். அதே தீவில் வெள்ளையர் பள்ளியில் மூன்று பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியை. அவருக்கு ஊதியம் 85 டாலர். இந்தக் கணக்கைக் கண்ணாரக் கண்ட இளம்பெண்ணுக்கு வேறு அரசியல் பாடம் தேவைப்படவில்லை.

1909இல் தோன்றிய நிறமுடைய மக்கள் முன்னேற்றத்திற்கான தேசிய சங்கத்தில் அவர் சேர்ந்தார். கறுப்பினக் குழந்தைகட்குக் கறுப்பின ஆசிரியர்களை நியமிக்க வேண்டும் என்று 1919இல் அச்சங்கம் கிளர்ச்சி செய்தபோது, வீடு வீடாகச் சென்று கையொப்பம் திரட்டினார். சமையற்காரரும் வண்ணாத்தியரும் தம் பிள்ளைகளுக்குத் தம்மினத்து ஆசிரியரை விரும்புகின்றனர் என்பதை அக்கையொப்பங்கள் மெய்ப்பித்தன. 1920இல் அக்கோரிக்கை வென்றது. ஒன்றுபட்டுக் கேட்டால் கிடைக்கும் என்னும் உறுதியை அம்மையார் பெற்றது அப்போதுதான்.

அவ்வாண்டே நெரி கிளார்க் என்னும் கடற்படை வீரரை மணந்தார். ஐந்தாண்டுகளில் கணவர் மறைந்தார். 1929 முதல் கொலம்பியா நகரில் ஆசிரியப் பணி ஆற்றிக்கொண்டே படிப்பைத் தொடர்ந்து, 1942இல் இளங்கலைப் பட்டமும் 1946இல் முதுகலைப் பட்டமும் பெற்றார். நாற்பது வயதைக் கடந்த பின்னர்ப் பட்டம் பெற்ற இவரைக் காண்போர், படிப்புக்கு வயது கடந்துவிட்டது என்று சொல்லத் துணியார்.

கொலம்பியாவில் அவர் கலந்துகொண்ட பெரும் போராட்டம் ஊதியப் போராட்டம். ஒரே தகுதி, ஒரே வேலை. ஆயினும் தோலின் நிறத்துக்கேற்ப இருவேறு ஊதியம். இதனை எதிர்த்துத் தேசிய சங்கத்தின் வழக்கறிஞர் தர்குட் மார்ஷல் வழக்காடினார். அம்மையாரும் பிற ஆசிரியரும் அவ்வழக்குக்குத் துணை நின்றனர். 1945இல் நீதிபதி வேரிங் சமவேலைக்குச் சம ஊதியம் வழங்குமாறு தீர்ப்பளித்தார். மாநில அரசோ ஆசிரியர்கட்குத் தேர்வு வைத்து அதன்படி ஊதியம் வகுத்தது. அம்மையார் அத்தேர்வையும் எழுதி உயர்ந்த தரம் பெற்றார். அவருடைய ஊதியம் பன்மடங்கு உயர்ந்தது.

இனி வருவதே நம் இளைஞர்கள் ஊன்றிப் படிக்க வேண்டிய பகுதி. பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்தது. சினங்கொண்ட தெற்குக் கரோலினா சட்டமன்றம், அரசு ஊழியரும் ஆசிரியரும் தேசிய சங்கத்தில் உறுப்பினராக இருத்தல் கூடாது என்று 1956இல் சட்டம் இயற்றியது. வேலை வேண்டுமா, சங்கம் வேண்டுமா என்பதே கேள்வி. அம்மையார் அப்போது சார்லஸ்டன் கிளைச் சங்கத்தின் துணைத் தலைவர். உறுப்பினரன்று என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் வேலை நிலைத்திருக்கும். அவர் அதைச் செய்யவில்லை. நாற்பதாண்டுப் பணி பறிபோயிற்று, ஓய்வூதியமும் போயிற்று. அப்போது அவருக்கு வயது 58.

அவர் தளரவில்லை. அநீதிச் சட்டத்தை எதிர்த்துக் குரல் கொடுக்குமாறு கறுப்பின ஆசிரியர்கட்கு 726 கடிதங்கள் எழுதினார். விடையளித்தோர் 26 பேர். கல்வி அதிகாரியைக் காண உடன்வருவதாக ஒப்புக்கொண்டோர் 11 பேர். உரிய நாளில் வந்தோர் நால்வர் ஐவரே. அவருக்கு விருந்தளித்த மகளிர் அமைப்பினர்கூட அவரருகே நின்று படம் எடுத்துக்கொள்ள அஞ்சினர்.

அவ்வாசிரியர்களை நாம் எளிதில் பழித்துவிடலாகாது. குடும்பத்தில் முதன்முதலாக மாதச் சம்பளம் பெற்றவர்கள் அவர்கள். ஒரு சம்பளத்தை நம்பிப் பத்து வயிறுகள் இருந்தன. அச்சம் அவர்கட்கு மட்டுமா? நம் இனத்தில் முதல் தலைமுறை அரசு ஊழியராக வந்தவர் ஒவ்வொருவரும் அவ்வச்சத்தை அறிவோம். ஆயினும் அச்சத்தை வென்றவர்களும் அங்கு இருந்தனர். எலோரி என்னும் சிற்றூரில் 21 ஆசிரியர்கள் ஒருசேர நின்று சங்கத்தை மறுக்க மறுத்து வேலையை இழந்தனர், வழக்கும் தொடுத்தனர். மறு ஆண்டே அச்சட்டத்தை அரசு நீக்க நேர்ந்தது. தனித்தனியே அஞ்சினோர் பலர். ஒருவரையொருவர் பற்றி நின்றோர் சட்டத்தை அசைத்தனர்.

தம் கடிதங்கள் பயனற்றுப் போனமைக்கு அம்மையார் கண்ட காரணம் பிறர் கோழைத்தனம் அன்று. மக்களை முன்னரே பயிற்றுவிக்காமல் களத்துக்கு அழைத்தது தம் தவறு என்றே அவர் கருதினார். அதன்பின் பயிற்றுவித்தலையே வாழ்வாகக் கொண்டார். டென்னசி மாநிலத்தில் மைல்ஸ் ஹார்ட்டன் 1932இல் தொடங்கிய ஹைலாண்டர் பள்ளி, தொழிற்சங்க ஊழியர்கட்குப் பயிற்சி தந்து புகழ்பெற்றது. அங்கு அம்மையார் பயிற்சி வகுப்புகளின் பொறுப்பேற்றார். பேருந்தில் எழுந்து நிற்க மறுத்து வரலாறு படைத்த ரோசா பார்க்ஸ் அம்மையார், அந்நிகழ்ச்சிக்குச் சில திங்கள்கட்கு முன், 1955 கோடையில், அப்பள்ளியில் பயின்றவரே.

தெற்குக் கரோலினாவில் வாக்காளராகப் பதிவு செய்ய, அரசியல் சட்டப் பகுதியைப் படித்துக் காட்டல் வேண்டும். படிப்பறியாக் கறுப்பின மக்களை விலக்கி வைக்கவே இவ்விதி. தாம் முதன்முதல் பணியாற்றிய ஜான்ஸ் தீவிலேயே, பேருந்து ஓட்டிய ஈசா ஜென்கின்ஸ் என்பாரின் துணையுடன், 1957 தொடக்கத்தில் குடியுரிமைப் பள்ளி ஒன்றை நிறுவினார். வெள்ளையர் கண்ணில் படாதிருக்க, முன்புறம் கூட்டுறவுக் கடை, பின்னறையில் வகுப்பு. ஆசிரியை பெர்னிஸ் ராபின்சன் முடிதிருத்தும் தொழில் செய்தவர். முதல் வகுப்பில் பயின்றோர் 14 பேர். பெயர் எழுதுதல், கடைப் படிவம் நிரப்புதல், சட்டம் படித்தல் என அவரவர் வேண்டியதிலிருந்தே பாடம் தொடங்கியது.

அப்பள்ளிகள் தீவுக்குத் தீவு பரவின. 1959இல் காவலர் ஹைலாண்டருக்குள் புகுந்து அம்மையாரைப் பொய்க்குற்றம் சாட்டிக் கைது செய்தனர். 1961இல் அப்பள்ளியை அரசு மூடியது. ஆனால் குடியுரிமைப் பள்ளித் திட்டத்தைக் கிங் அவர்களின் இயக்கம் ஏற்றுக்கொண்டது. டோரத்தி காட்டன், ஆண்ட்ரூ யங் ஆகியோருடன் அம்மையார் தென் மாநிலங்கள் எங்கும் சென்று ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். அவ்வியக்கத்திலும் பெண் என்பதால் தம் சொல் உரிய மதிப்புப் பெறவில்லை என்பதை அவர் மறைக்கவில்லை. கிங் அவர்கள் 1964இல் நோபல் பரிசு பெற ஆஸ்லோ சென்றபோது அம்மையாரும் உடன் சென்றார். 1965இல் வாக்குரிமைச் சட்டம் நிறைவேறி, எழுத்தறிவுத் தேர்வு எனும் தடை தென் மாநிலங்களில் தகர்ந்தது.

1970இல் அம்மையார் ஓய்வு பெற்றார். தம்மை நீக்கிய சார்லஸ்டன் பள்ளி நிருவாகத்துக்கே பின்னர் மக்களால் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவரை நீக்கியது அநீதி என ஏற்று, ஓய்வூதியத்தை 1976இல் மாநில ஆளுநர் மீட்டளித்தார். 1987 டிசம்பர் 15ஆம் நாள் ஜான்ஸ் தீவில் அவர் உயிர் நீத்தார்.

இளைஞர்காள்! அண்ணல் அம்பேத்கர் 1946இல் அமெரிக்க அறிஞர் டுபாய்சுக்குக் கடிதம் எழுதி, இரு மக்களின் நிலையிலும் உள்ள ஒப்புமையைச் சுட்டினார். ஒப்புமை உண்டு, ஒரு வேற்றுமையும் உண்டு. எழுத்தறிவு கேளாமலே வயது வந்த அனைவர்க்கும் வாக்குரிமையை நம் அரசியல் சட்டம் வழங்கியது. சங்கம் அமைக்கும் உரிமையையும் அது வழங்கியுள்ளது. அங்கே அவர்கள் ஓர் எழுத்தாகக் கற்றுப் பெற்றதை நாம் பிறப்போடு பெற்றோம். எனவே நம் பொறுப்பு குறைவன்று, மிகுதி. படித்து வேலை பெறும் நம் பிள்ளைகள், முதற்சம்பளம் வாங்கும் திங்களிலேயே தம் பணியாளர் சங்கத்தில் சேர்க. மாலைப் பொழுதில் தம் சேரியில் ஒருவருக்கேனும் விண்ணப்பம் எழுதக் கற்பிக்க. அழைப்புக் கடிதம் வரும் நாளில், வருவோம் என்று விடை எழுதும் 26 பேரில் மட்டுமன்றி, வந்து நிற்கும் ஐவரிலும் நம் பிள்ளைகள் இருத்தல் வேண்டும்.