இம்ரே நாகி

இம்ரே நாகியை நினைக்குந்தோறும் 1956ஆம் ஆண்டு ஒக்டோபர் 23ஆந் திகதி இரவே என் மனக்கண்முன் நிற்கின்றது. புடாபெஸ்டில் பாராளுமன்றத்தின் முன் திரண்ட மக்களை அவர் வழக்கம்போலத் தோழர்கள் என விளித்தார். தாம் தோழர்கள் அல்லர் எனக் கூட்டம் ஆர்ப்பரித்தது. அறுபது வயதுக் கட்சிக்காரர் திகைத்து நின்றார்.

அவரோ மக்களின் பகைவரல்லர். முதலாம் உலகப் போரில் ருசியாவிற் சிறைப்பட்டுக் கம்யூனிஸ்டானவர். 1945இல் விவசாய மந்திரியாக உழவர்க்கு நிலம் பங்கிட்டவர். 1953இல் பிரதமராகித் தடுப்பு முகாம்களை மூடியவர். 1955இல் அப்பதவியும் கட்சி உறுப்புரிமையும் அவரைவிட்டுப் போயின.

கூட்டம் மறுத்த மறுநாளே மீண்டும் பிரதமரானார். நவம்பர் 1இல் வார்சோ ஒப்பந்தத்தினின்று விலகி, ஹங்கேரியின் நடுநிலையை அறிவித்தார். அந்த ஒன்பது நாள்களில் அவர் மக்களிடம் கற்றது, முப்பதாண்டுக்கு மேற்பட்ட கட்சி வாழ்விற் கற்றதினும் பெரிதென்பேன். நவம்பர் 4இல் சோவியத் தாங்கிகள் தலைநகரைத் தாக்கின. யூகோஸ்லாவியத் தூதரகத்திற் புகலடைந்தவரை, தீங்கு நேராதென வாக்களித்து வெளியே வரச்செய்து கைதுசெய்தனர்.

வழக்கில் அவர் மன்னிப்புக் கோரவில்லை. 1958 ஜூன் 16இல் தூக்கிலிடப்பட்டார். உடல் பெயரில்லாக் குழியில் முகங்குப்புறக் கிடந்தது. 1989இல், அதே நாளில், பெருந்திரளான மக்கள் முன்னிலையில் மீண்டும் அடக்கஞ் செய்யப்பட்டார். ஜூலை 6இல் உயர் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவரெனத் தீர்த்தது. அவரைத் தூக்கிலிட்ட ஆட்சியின் தலைவர் யானோஸ் காடார் இறந்ததும் அன்றேதான்.