நடுக்கடலில் நிலக்கரி தீர்ந்தா என்ன பண்றது? 1876-லேயே ‘ரேஞ்ச்’ கணக்கு போட்டு உலகைச் சுற்றிய அன்னி பிராஸி

ஓசூரில் ஏத்தர், போச்சம்பள்ளியில் ஓலா என மின்சார ஸ்கூட்டர்கள் தயாராகும் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது டீக்கடைப் பேச்சு. எலக்ட்ரிக் காரில் ஓசூரிலிருந்து சென்னைக்குக் கிளம்புபவர், வேலூர் பக்கம் சார்ஜர் இருக்கான்னு மேப்பில் பார்த்துட்டுத்தான் வண்டியை எடுக்கிறார்.

நடுக்கடலில் அந்த வசதி இல்லை. சொந்த இன்ஜின் படகில் பெருங்கடலைக் கடப்பவர்களுக்கு இன்றைக்கும் முதல் கேள்வி, எரிபொருள் போதுமா என்பதுதான். 1876 ஜூலையில் இதே கேள்வியோடு, நடை பழகும் குழந்தை உட்பட நான்கு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு இங்கிலாந்திலிருந்து கிளம்பியவர் அன்னி பிராஸி.

யார் இவர்?

1839-ல் லண்டனில் பிறந்தவர். கணவர் தாமஸ் பிராஸி பிரிட்டிஷ் எம்.பி. மாமனார், ரயில் பாதைகள் போட்டுப் பெரும் பணம் சேர்த்த கான்ட்ராக்டர். பணக்கார வீட்டு டூர்தானே என்று தோணலாம். தப்பில்லை. ஆனால், அன்னிக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. அலை எழுந்தாலே குமட்டல், வாந்தி. அப்படியும் திரும்பத் திரும்பக் கிளம்பினார்.

சன்பீம்: அந்தக் கால ஹைபிரிட்

1874-ல் கட்டப்பட்ட அவர்களது ‘சன்பீம்’ படகில் மூன்று பாய்மரங்களும் ஒரு நீராவி இன்ஜினும் இருந்தன. காற்று இருந்தால் பாய், நின்றுபோனால் நிலக்கரி. உலகம் முழுக்க இன்ஜினை ஓட்டும் அளவுக்கு நிலக்கரி ஏற்ற இடமே கிடையாது. அதனால் துறைமுகத்துக்குத் துறைமுகம் கணக்குப் பார்த்தார்கள். படகில் மொத்தம் 43 பேர். போதாததற்கு நாய்கள், பறவைகள், ஒரு பூனைக்குட்டி.

அந்த செப்டம்பரில் தென் அமெரிக்கா அருகே ‘மாங்க்ஸ்ஹேவன்’ என்ற சரக்குக் கப்பல் எரிவதைப் பார்த்தார்கள். ஏற்றி வந்த நிலக்கரியே தீப்பிடித்திருந்தது. அளந்து ஏற்றிய சாப்பாடும் தண்ணீரும் தங்களுக்கே வேண்டியிருந்த நிலையிலும் 15 பேரையும் காப்பாற்றினார்கள்.

அடுத்துதான் பெரிய தாண்டல். அக்டோபர் இறுதியில் சிலியின் வால்பரைசோவிலிருந்து தாஹிட்டி தீவை நோக்கிப் புறப்பட்டது சன்பீம். நேர்க்கோட்டிலேயே சுமார் 8,000 கி.மீ. பசிபிக் கடல், வழியில் நிலக்கரி வாங்க இடமில்லை. ஒரு மாதத்துக்கும் மேல் பெரும்பாலும் காற்றை நம்பியே போனார்கள். பிறகு ஹவாய், ஜப்பான், சிங்கப்பூர், இலங்கை, சூயஸ் வழியாக 1877 மே மாதம் வீடு திரும்பினார்கள். தனியார் நீராவிப் படகு ஒன்று உலகைச் சுற்றியது இதுவே முதல்முறை என்று சொல்லப்படுகிறது. வழியில் அன்னி வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் 1878-ல் புத்தகமாகி, பல மொழிகளில் வெளியாகின.

பம்பாயிலிருந்து கடைசிப் பயணம்

1887 தொடக்கத்தில் பம்பாயிலிருந்து மறுபடியும் ஒரு நீண்ட பயணம். இலங்கை, பர்மா, போர்னியோ, ஆஸ்திரேலியா. இந்த முறை அன்னியின் உடம்பு ஒத்துழைக்கவில்லை. டார்வினிலிருந்து மொரீஷியஸ் நோக்கி இந்தியப் பெருங்கடலைக் கடக்கத் தொடங்கியபோது மலேரியா முற்றியது. கரைக்குத் திரும்ப முடியாத தூரம். செப்டம்பர் 14 அன்று படகிலேயே இறந்தார், வயது 47. உடலைக் கடலிலேயே அடக்கம் செய்தார்கள்.

1886 லண்டன் கண்காட்சிக்காக இந்தியக் கைவினைஞர்கள் செதுக்கிய தர்பார் மண்டபத்தை பிராஸி குடும்பம் வாங்கியிருந்தது. அது இப்போது இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சன்பீமை, மருத்துவமனைக் கப்பலாகப் பயன்படுத்தச் சொல்லி 1916-ல் இந்திய அரசுக்கே கொடுத்துவிட்டார் தாமஸ். 1929-ல் அது உடைக்கப்பட்டது.