கைலாசபதியின் ஆய்வு வாழ்வு: வினா, எல்லை, மதிப்பீடு

முன்னுரை

முனைவர் பட்டத்திற்குப் பதிவு செய்யும் மாணவர் அளிக்கும் ஆய்வுத்திட்டம் பலவேளைகளில் வெறும் நடைமுறையாகக் கொள்ளப்படுகிறது. தலைப்பும் இயல் பகுப்பும் அமைந்துவிட்டால் திட்டம் நிறைவுற்றதாக எண்ணும் போக்கும் உண்டு. ஆயினும் ஓர் ஆய்வேட்டின் வலிமையும் மெலிவும் அதன் தொடக்கத் திட்டத்திலேயே பெரிதும் உருக்கொள்கின்றன. ஈழத்துத் திறனாய்வாளர் க. கைலாசபதியின் (1933–1982) வாழ்வும் முனைவர் பட்ட ஆய்வும் இதற்குத் தக்க சான்றாகும்.

இளமையும் இதழியற் பணியும்

கைலாசபதி 1933 ஏப்ரல் 5ஆம் நாள் கோலாலம்பூரில் பிறந்தார். போருக்குப்பின் யாழ்ப்பாணம் வந்து, யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் கொழும்பு ரோயல் கல்லூரியிலும் பயின்றார். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் க. கணபதிப்பிள்ளை, வி. செல்வநாயகம், சு. வித்தியானந்தன் ஆகியோரிடம் தமிழ் கற்றார். பின்னர்த் தினகரன் நாளிதழின் ஆசிரியராகி ஈழத்து முற்போக்கு எழுத்தாளர்க்குக் களம் அமைத்தார். இலக்கியத்தை அது தோன்றிய சமூகத்தோடு பொருத்திக் காணும் நோக்கு அவரிடம் இக்காலத்தில் வலுப்பெற்றது.

வினாவும் நெறியாளரும்

ஆசிரியப் பணியேற்றுப் பேராதனைக்குத் திரும்பிய அவர் மேலாய்விற்கு இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகம் சென்றார். அங்கு அவருக்கு நெறியாளராக அமைந்தவர் தமிழறிஞர் அல்லர். கிரேக்கப் பேராசிரியர் ஜார்ஜ் தாம்சன். கிரேக்க நாடகத்தைச் சமூக வரலாற்றின் வழி விளக்கிய மார்க்சிய அறிஞரான தாம்சன், அயர்லாந்தின் வாய்மொழி மரபினையும் நேரில் அறிந்தவர். கைலாசபதி எழுப்பிய வினா சங்கப் பாடல்கள் எவ்வகைச் சமூகத்தில், எம்முறையில் இயற்றப்பட்டன என்பதாகும். அவ்வினாவிற்கு ஒப்பீட்டறிவு இன்றியமையாதது. நெறியாளர் தேர்வும் அதற்கேற்ப அமைந்தது.

எல்லையும் முறையும்

ஆய்வின் எல்லை வரையறுக்கப்பட்டிருந்தது. காலத்தாற் பிற்பட்டனவாகக் கருதப்படும் கலித்தொகை, பரிபாடல், திருமுருகாற்றுப்படை ஆகியவை முதன்மைச் சான்றுகளினின்று விலக்கப்பட்டன. எஞ்சிய தொகைநூற் பாடல்களும் பாட்டுகளும் ஒரே பாண் மரபின் வெளிப்பாடாகக் கொள்ளப்பட்டன.

வீரயுகம் பற்றிய சாட்விக்கின் கருத்தாக்கமும், மில்மன் பாரி, ஆல்பர்ட் லார்ட் ஆகியோரின் வாய்மொழிக் கோட்பாடும் ஆய்வு முறைக்கு அடிப்படையாயின. லார்டின் முதன்மை நூல் 1960இல் தான் வெளிவந்தது. புதிதாக அறிமுகமான ஒரு கோட்பாட்டைத் தமிழ்ச் சான்றுகளில் பொருத்திப் பார்க்கும் துணிவு இத்திட்டத்தில் புலனாகிறது. பாடல்தோறும் மீளவரும் தொடர்களும் அடைகளும் வாய்பாடுகளாகவும், திணையும் துறையும் பாணர் கையாண்ட கருப்பொருள் அமைப்புகளாகவும் விளக்கப்பட்டன. கிரேக்கம், அயர்லாந்து முதலிய நாட்டு மரபுகள் ஒப்புநோக்கப்பட்டன. இவ்வாய்வு 1968இல் ஆக்ஸ்போர்டு வெளியீடாக ஆங்கிலத்தில் நூலுருப் பெற்றது.

மதிப்பீடு

இவ்வாய்வு எதிர்ப்பின்றி ஏற்கப்படவில்லை. ஜார்ஜ் ஹார்ட் 1975இல் வெளியிட்ட தம் நூலில், சங்கப் பாடல்கள் வாய்மொழிப் பாடல்களை முன்மாதிரியாகக் கொண்டவையே அன்றி, அவையே வாய்மொழிப் பாடல்கள் ஆகா என்னும் கருத்தை முன்வைத்தார். பாணர் வேறு, புலவர் வேறு என்னும் வேறுபாடு இம்மறுப்பிற்கு அடிப்படையாகும்.

மறுப்பிற்கு இடந்தந்த மெலிவு திட்டத்திலேயே உள்ளது. பாரியும் லார்டும் யுகோசுலாவியாவில் உயிருடன் இருந்த பாடகர்களின் பாட்டைப் பதிவு செய்து ஆராய்ந்தனர். கைலாசபதிக்குக் கிடைத்தவையோ பிற்காலத்தில் தொகுக்கப்பட்ட ஏட்டுப் பாடல்கள். அன்றியும், நெடும்பாடலை நிகழ்த்தும்போதே இயற்றும் பாடகனுக்கு வாய்பாடு பெருந்துணை. சில அடிகளில் முடியும் குறுந்தொகைப் பாடலுக்கு அத்தேவை அவ்வளவினது அன்று. எழுத்திலக்கியமும் மரபுத்தொடர்களைப் பயன்படுத்தும் ஆதலின், தொடர் மீள்வரவு ஒன்றே வாய்மொழித் தன்மையை நிறுவிவிடாது.

எனினும் ஆய்வின் மதிப்பு இதனால் குறையவில்லை. சான்றெல்லை வெளிப்படையாக இருந்தமையால் பின்வந்தோர் அதனைச் சோதிக்க முடிந்தது. சங்கப் பாடல்களின் பழமையைப் புகழ்வதே ஆய்வாகக் கருதப்பட்ட சூழலில், அவற்றை உலக இலக்கியங்களோடு நிறுத்தி ஆராயும் வழி திறந்தது. 1969இல் வெளிவந்த அவரது ஒப்பியல் இலக்கியம் என்னும் நூல் அவ்வழியைத் தமிழ் வாசகர்க்கு அறிமுகப்படுத்தியது.

முடிவுரை

கைலாசபதி 1974இல் யாழ்ப்பாண வளாகத்தின் முதல் தலைவரானார். 1982 திசம்பர் 6ஆம் நாள், ஐம்பது அகவை நிறைவுறுமுன்பே, மறைந்தார். அவர்தம் முடிபுகள் சில இன்று ஏற்கப்படாமற் போகலாம். அவர் எழுப்பிய வினா நிலைத்துள்ளது. ஆகவே மாணவர் ஆய்வுத்திட்டத்தை மதிப்பிடுவோர் அதன் முடிபு ஏற்புடையதா என்பதைக் காட்டிலும், வினா தெளிவானதா, எல்லை காரணத்தோடு வகுக்கப்பட்டதா, எடுத்துக்கொண்ட முறை கிடைக்கும் சான்றுக்குப் பொருந்துமா, முடிபு தவறாயின் அதனைக் காட்டவல்ல சான்று எது என்பனவற்றையே முதலில் நோக்குதல் வேண்டும். இவற்றுள் மூன்றாவதில் கைலாசபதியின் திட்டம் தளர்ந்தது. ஏனையவற்றில் உறுதியாக நின்றது.