பீரங்கிக்குச் செவிகொடுத்த விஞ்ஞானி

கண்ணை மூடிக்கொண்டிருக்கும்போது யாராவது கூப்பிட்டாலும், எந்தப் பக்கத்திலிருந்து என்று நீங்கள் சொல்லிவிடுவீர்கள். ஒலி ஒரு காதை மற்றக் காதிலும் பார்க்கச் சற்று முந்தி எட்டுவதே இதற்கு முக்கிய காரணம். இந்த எளிய உண்மையைக் கொண்டு, மறைந்திருந்த பீரங்கிகளின் இருப்பிடத்தைக் கண்டறிந்தவர் சேர் லோறன்ஸ் பிறாக்.

இவர் 1890ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவின் அடிலெயிட் நகரிற் பிறந்தார். தந்தை வில்லியம் பிறாக் பௌதிகப் பேராசிரியர். 1909இல் குடும்பம் இங்கிலாந்து சென்றது. பளிங்குகளில் எக்ஸ் கதிர்கள் தெறிக்கும் விதியை 1912இல் கண்டபோது லோறன்சுக்கு வயது 22.

முதலாம் உலக மகாயுத்தம் மூண்டது. பகைவரின் பீரங்கிகளை ஒலியைக் கொண்டு கண்டுபிடிக்கும் பொறுப்பு 1915இல் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவ்வாண்டு செப்டெம்பரில் கலிப்போலிப் போர்முனையில் அவருடைய தம்பி றொபேட் ஷெல் பட்டு இறந்தார். நவம்பரில் தந்தைக்கும் மகனுக்கும் நொபெல் பரிசு கிடைத்த செய்தி வந்தது. அப்போது லோறன்ஸ் பெல்ஜியத்தில் லா கிளித் என்னும் கிராமத்துப் பங்குச் சுவாமியாரின் வீட்டில் தங்கியிருந்தார். சுவாமியார் நிலவறையிலிருந்து ஒரு போத்தல் திராட்சை இரசம் கொண்டுவந்து அவரை வாழ்த்தினார். அந்த இரசத்தின் பெயர் ‘கிறிஸ்துவின் கண்ணீர்’. தம்பியின் துக்கம் ஆறாத வேளையில் வந்த வாழ்த்து அது.

வேலையோ இலகுவாயிருக்கவில்லை. வரிசையாக வைத்த ஒலிவாங்கிகளை ஓசை எட்டும் நேர வித்தியாசத்தைப் படச்சுருளிற் பதிந்து, பீரங்கியின் இடத்தைக் கணிக்க வேண்டும். ஆனால் ஒலியைவிட வேகமாகப் பாயும் ஷெல்லின் கூரிய வெடிப்போசையே பதிவாயிற்று. பீரங்கியின் தாழ்ந்த முழக்கம் அதில் மறைந்துபோயிற்று. அவரோடு பணிபுரிந்த டக்கர், பீரங்கி முழங்கும்போதெல்லாம் தமது படுக்கையருகே சுவர்த் துவாரத்தால் குளிர்காற்று வீசுவதைக் கவனித்தார். அதிலிருந்து பிறந்தது புதிய ஒலிவாங்கி. பெட்டியொன்றின் துவாரத்தில் மின்சாரத்தாற் சூடாக்கிய மெல்லிய கம்பி. முழக்கம் தள்ளும் காற்றுப் பட்டதும் அது குளிரும், மின்னோட்டம் மாறும். 1916 முதல் பீரங்கிகள் அகப்படலாயின.

அவர் காட்டிய இடங்களில் எதிர்க்குண்டுகள் விழுந்தன. அங்கும் யாரோ ஒருவரின் தம்பி இருந்திருப்பான்.

யுத்தம் முடிந்ததும் அவர் பளிங்கு ஆராய்ச்சிக்கே திரும்பினார். 1938இல் கேம்பிரிட்ஜ் கவென்டிஷ் ஆய்வுகூடத்தின் தலைவரானார். 1953இல் வாட்சனும் கிறிக்கும் டி.என்.ஏ.யின் வடிவத்தைக் கண்டது அங்கேதான். 1971 ஜூலை முதலாந் திகதி காலமானார்.

உரத்த சத்தம் எப்போதும் உண்மையான இடத்தைக் காட்டுவதில்லை, வாசகரே. அதன் கீழே அமுங்கிக் கிடப்பதையும் கேட்கப் பழகுவோம்.