சரண்ஜித் சிங்

சரண்ஜித் சிங் (இறப்பு: சூலை 5, 2015) மும்பையைச் சேர்ந்த இசைக்கலைஞர் ஆவார். இந்தித் திரையிசைக் குழுக்களில் கிதார், மின்னணு இசைக்கருவிகள் ஆகியவற்றை வாசித்தவர்.

1982-இல் டிபி-303, டிஆர்-808, ஜூப்பிட்டர்-8 என்னும் மூன்று ரோலண்ட் கருவிகளைக் கொண்டு, பத்து இந்துஸ்தானி இராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்தார். அவற்றுள் பூபாலி நமது மோகனம். மால்கௌன்ஸ் நமது இந்தோளம். சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் 303-இன் வசதி இராகத்திற்குப் பொருந்தியது. அதே ஆண்டில் நியூயார்க்கின் "பிளானட் ராக்" பாடல் 808-ஐ ஹிப் ஹாப் இசைக்குள் கொண்டுவந்தது. 303-இன் நெளியும் ஒலியைக் கொண்டு சிக்காகோவில் "ஆசிட் ஹவுஸ்" உருவானதோ சில ஆண்டுகள் கழித்தே.

இசைத்தட்டு விற்கவில்லை. சிங் திருமண விழாக்களில் வாசித்துவந்தார். 2010-இல் நெதர்லாந்து நாட்டவர் ஒருவர் அதனை மறுவெளியீடு செய்தார். அதன்பின், எழுபது வயதைக் கடந்த நிலையில், சிங் ஐரோப்பிய மேடைகளில் அவ்விராகங்களை மீண்டும் வாசித்தார்.