நம் மண் ஈன்ற மாமணி இரட்டைமலை சீனிவாசன்

முன்னுரை

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் செல்லும் சாலையை அறியாதார் நம் பள்ளியில் இல்லை. சுற்றுலா என்றாலே அந்தப் பாதைதான். பேருந்தில் பாட்டும் கைத்தட்டலுமாகப் போவோம். வழியில் இறங்கிக் கட்டுச்சோற்றைப் பகிர்ந்து உண்போம். கடற்கரைக் கோயிலருகே அலையில் கால் நனைப்போம். எந்தத் தெரு, எந்தக் குலம் என்று எவரும் நம்மை வழிமறித்துக் கேட்பதில்லை. சாலையில் நடப்பது மூச்சு விடுவதுபோல் நமக்கு இயல்பாகிவிட்டது. ஆனால் இவ்வுரிமை தானாக வந்ததன்று. இதற்காக வாதாடியவர்களுள் ஒருவர் நம் மாவட்டத்திலேயே பிறந்தவர்.

ஆங்கில வகுப்பில் ஜார்ஜ் ஆர்வெல் 1949இல் வெளியிட்ட ‘1984’ என்னும் நாவலைப் பற்றிக் கேட்டோம். ஆர்வெல் 1903இல் நம் நாட்டின் பீகாரில் உள்ள மோதிகாரியில் பிறந்தவர். அவர் கதையில் அரசின் கண் வீட்டுக்குள்ளும் விழித்திருக்கிறது. மனத்தில் உள்ளதை முகத்தில் காட்டவும் மனிதன் அஞ்சுகிறான். அவருக்கு முன்பே ருஷ்ய எழுத்தாளர் சமியாத்தின் எழுதிய ‘நாங்கள்’ என்னும் நாவலில் மனிதருக்குப் பெயரே இல்லை, எண்கள்தாம். இப்படியும் ஓர் உலகம் இருக்குமா என்று வியந்தோம். சீனிவாசனாரின் வாழ்க்கையைப் படித்தபின் அவ்வியப்பு வெட்கமாக மாறிற்று.

பிறப்பும் படிப்பும்

மதுராந்தகத்தை அடுத்த கோழியாளம் என்னும் சிற்றூரில் 1859ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் சீனிவாசன் பிறந்தார். இரட்டைமலை என்பது அவர் தந்தையார் பெயர். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட குலம் அவருடையது. அக்காலத்தில் இம்மக்கள் நம் மாவட்டத்தில் பட்ட பாட்டைச் செங்கற்பட்டுக் கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891இல் அரசுக்கு அறிக்கையாக எழுதினார். குடியிருக்கும் குடிசை மண்கூட அவர்களுக்குச் சொந்தமில்லை. எதிர்த்துப் பேசினால் அதையும் இழக்க வேண்டியதுதான்.

சீனிவாசன் கோயமுத்தூர் கலாசாலையில் சேர்ந்தார். அங்கே பயின்ற ஏறத்தாழ 400 மாணவர்களுள் பத்துப் பேர் நீங்கலாக மற்றவரெல்லாம் பிராமணர். பழகினால் குலத்தையும் குடும்பத்தையும் விசாரிப்பார்கள். தெரிந்துவிட்டால் இழிவாக நடத்துவார்கள் என்று அஞ்சினார். ஆகவே பள்ளிக்கு வெளியே எங்கேனும் அமர்ந்து வாசித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பின்பே வகுப்புக்குள் நுழைவார். வகுப்புக் கலைந்ததும் எவரும் தம்மை எட்டிப் பிடிக்காதபடி விரைந்து நடந்து வீடு சேர்வார். விளையாட்டு இல்லை, தோழன் இல்லை. பிள்ளைகளோடு கூடி விளையாட முடியாத ஏக்கத்தைத் தம் முதுமையிலும் மறவாமல் எழுதி வைத்தார்.

ஆர்வெல் கதையில் மனிதனைக் கண்காணிக்க இயந்திரம் வேண்டியிருந்தது. இந்தச் சிறுவனுக்கோ உடன் படித்தவர்களின் கண்களே போதுமானவையாக இருந்தன.

பெயரே படைக்கலம்

படிப்பு முடிந்தபின் நீலகிரியில் ஆங்கிலேயக் கம்பெனி ஒன்றில் கணக்கராகப் பணிபுரிந்தார். 1887இல் ரங்கநாயகி அம்மையாரை மணந்தார். 1890இல் சென்னைக்கு வந்தார். மறுஆண்டு பறையர் மகாஜன சபையைத் தோற்றுவித்தார். 1893 அக்டோபரில் ஒரு பத்திரிகை தொடங்கினார். அதற்கு அவர் இட்ட பெயர் ‘பறையன்’.

எந்தச் சொல்லைப் பிறர் வசையாக வீசினார்களோ, எந்தச் சொல் வெளிப்படுமோ என்று தாம் பிள்ளைப் பருவத்தில் ஒளிந்து நடந்தாரோ, அதையே பத்திரிகையின் நெற்றியில் பொறித்தார். தன் பெயரைத் தானே வெட்கமின்றிச் சொல்லாதவன் உரிமை கேட்க இயலாது என்பது அவர் கொள்கை. நான்கு பக்கங்களுடன் இரண்டணா விலையில் தொடங்கிய அவ்விதழ் மாத இதழாகப் பிறந்து வார இதழாக வளர்ந்து, 1900 வரை நடந்தது.

கடல் கடந்த வாழ்வு

1900இல் இங்கிலாந்து செல்லும் எண்ணத்தோடு புறப்பட்டவர் ஆப்பிரிக்கா சென்று தங்க நேர்ந்தது. தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். காந்தியடிகளும் அப்போது அங்கே வழக்கறிஞராக இருந்தார். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின் தாயகம் திரும்பினார்.

சாலைகள் திறந்தன

1923இல் சென்னைச் சட்டசபையில் உறுப்பினரானார். 1924 ஆகஸ்டில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், பொது அலுவலகம் ஆகியவற்றை எக்குலத்தாரும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்பதே அதன் சாரம். சபை அதை ஏற்றது. 1925இல் அரசிதழில் வெளியாயிற்று. அரசிதழில் அச்சான அன்றே எல்லாத் தெருக்களும் திறந்துவிடவில்லை. ஆயினும் தடுத்தவன் பக்கமே நியாயம் என்ற நிலை அன்றோடு மாறியது.

1930, 1931ஆம் ஆண்டுகளில் லண்டனில் நடந்த வட்டமேசை மாநாடுகளில் அண்ணல் அம்பேத்கருடன் ஒடுக்கப்பட்டோரின் பிரதிநிதியாக அமர்ந்தார். 1932இல் பூனா ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டோருள் அவரும் ஒருவர். 1936இல் திவான் பகதூர் பட்டம் பெற்றார். 1939இல் தம் வாழ்க்கை வரலாற்றைச் சுருக்கமாக வெளியிட்டார். 1945 செப்டம்பர் 18ஆம் நாள் மறைந்தார். இந்திய அரசு 2000ஆம் ஆண்டில் அவருக்கு அஞ்சல் தலை வெளியிட்டது.

முடிவுரை

கதைகளில் சுதந்திரம் பறிபோகும்போது கொடுங்கோல் அரசு ஒன்று தெரிகிறது. சீனிவாசனாரின் இளமையைப் பறித்தவர்கள் கொடுங்கோலர் அல்லர். நம்மைப் போன்ற பள்ளிப் பிள்ளைகளே. அவர்கள் அவரை அடிக்கவில்லை. கேட்டுவிடுவார்களே என்ற அச்சம் ஒன்றே அவரை வகுப்புக்கு வெளியே நிறுத்தியது.

நம் பள்ளியிலும் ஆண்டுத் தொடக்கத்தில் புதிய மாணவியர் வருகிறார்கள். உன் வீடு எந்தப் பக்கம் என்று நாமும் கேட்கிறோம். வழித்துணைக்காகக் கேட்டால் அது நட்பு. வேறொன்றைத் தெரிந்துகொள்வதற்காகக் கேட்டால், அவளும் மணி அடிக்கும்வரை வெளியே நிற்கத் தொடங்குவாள். எதற்காகக் கேட்கிறோம் என்பது நமக்குத் தெரியும்.

அடுத்த முறை மாமல்லபுரம் போகும்போது அப்படி ஒருத்தியும் தனியே நில்லாதபடி பார்த்துக்கொள்வோம். கோழியாளத்துச் சிறுவனுக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே.