கற்பிட்டி தந்த பன்மொழிப் புலவர்: சைமன் காசிச்செட்டி (1807–1860)

புத்தளம் கடனீரேரிக்கும் பெருங்கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் கற்பிட்டியிலே, ஒல்லாந்தர் கோட்டை நிற்கும் ஊரிலே, 1807ஆம் ஆண்டு சைமன் காசிச்செட்டி பிறந்தார். கொழும்புச் செட்டி சமூகத்தைச் சேர்ந்தவர். தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்றையும் இளமையிலேயே கற்றுத் தேர்ந்தார். வடமொழி, போர்த்துக்கேயம், ஒல்லாந்தம் முதலியவற்றிலும் பயிற்சி பெற்றார்.

1824இல், பதினேழாம் வயதில், புத்தளம் நீதிமன்றில் மொழிபெயர்ப்பாளரானார். அரும்பதங்களை மனனம் செய்து ஒப்புவிப்பது வேறு. சாட்சி சொன்னதை ஆங்கிலேய நீதவானுக்கு அப்படியே எடுத்துரைப்பது வேறு. அங்கே ஒரு சொல்லின் பொருள் பிசகினால் ஓர் ஏழையின் காணியோ மானமோ போய்விடும். சொல்லின் நுட்பத்தை அவர் பழகிய இடம் அது.

அந்த 1824ஆம் ஆண்டிலேதான் யாழ்ப்பாணத்து உடுவிலில் அமெரிக்க மிஷனார் பெண்களுக்கென விடுதிப் பாடசாலை தொடங்கினர். காசிச்செட்டிக்கு வாய்த்த ஆங்கிலக் கல்வி அக்காலத்தில் நம் பெண்களுள் மிகச் சிலருக்கே வாய்த்தது.

பிறர் வாக்கைப் பெயர்த்துச் சொன்னவர், பின்பு தம் வாக்கையே சபையேற்றினார். 1834இல் இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் அகரவரிசையில் விவரிக்கும் ‘சிலோன் கசற்றியர்’ என்னும் நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. 1838இல் சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதியாக அமர்ந்தார். பிற்காலத்தில் சிலாபத்தில் நீதிபதியாகவும் கடமையாற்றினார்.

ஆயினும் அவர் பெயரை நிலைநிறுத்தியது 1859இல் யாழ்ப்பாணத்தில் அச்சான ‘தமிழ் புளூராக்’ என்னும் நூலே. கிரேக்க, உரோமப் பெரியோரின் வரலாறுகளை எழுதிய புளூராக்கின் பெயரைத் தாங்கி, தமிழ்ப் புலவர் ஏறத்தாழ 200 பேரின் வரலாறுகளை ஆங்கிலத்தில் கூறுவது அது. அவர்களுள் நம் ஔவையாரும் உண்டு. மறு ஆண்டிலேயே, 1860இல், அவர் காலமானார்.

ஆங்கிலம் வல்ல பலர் தம் உயர்வுக்கு அதைப் படிக்கட்டாக்கினர். இவரும் அதனால் உயர்ந்தவரே. ஆனால் உயர்ந்த இடத்திலிருந்து பிறந்த மண்ணையும் புலவரையும் மறவாது உலகுக்குச் சொன்னார்.

சகோதரிகளே, இன்று நம்மிற் பலர் கடல் கடந்து வாழ்கிறோம். தமிழ் எழுத்தறியாத பேரப்பிள்ளைகள் நம் வீடுகளிலே வளர்கிறார்கள். ஔவையார் யார் என்று அவர்கள் கேட்டால், கற்பிட்டியில் பிறந்தவர் எழுதிவைத்த அந்த ஆங்கில நூலை அவர்கள் கையிற் கொடுக்கலாம். அதன்பின் தமிழைச் சொல்லிக்கொடுப்பது நம் பொறுப்பு.